பம்புசெட்டுக் குளியலும் விடியற்காலை வலியும்

மன்னார்குடிக்கு அருகே ஒரு கிராமத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். நீண்ட கடிதம். சுருக்கித் தருகிறேன்.

“எனக்குச் சொந்த ஊர் கூடலூர். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தபோது இவரைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கே வந்தேன். மகனுக்கு 9 வயது, நான்காம் வகுப்பு. சின்னதிலிருந்தே கை கால் எலும்பு வலிக்கிறது என்று துடிப்பான். முதலில் வாதக் காய்ச்சல் என்றார்கள். அப்புறம் ரத்தசோகை என்று இரும்புச்சத்து டானிக் கொடுத்தார்கள். போன வருடம்தான் தஞ்சாவூரில் பார்த்து, சிக்கிள் பீட்டா தலசீமியா என்று சொன்னார்கள். எனக்கும் டெஸ்ட் எடுத்து, நான் சிக்கிள் கேரியர், அதாவது நோய் இல்லாமல் அதன் மரபணுவை மட்டும் சுமப்பவள் என்றார்கள். அன்றிலிருந்து மாமியார், ‘மலையிலிருந்து நீ கொண்டுவந்த சீக்கு’ என்கிறார். ஹைட்ராக்ஸியூரியா கேப்சூல் எழுதிக் கொடுத்திருந்தார்கள். மருந்துக் கடையில் அது கேன்சர் மாத்திரை என்று சொன்னதும் பயந்துபோய் இரண்டு மாதமாக நிறுத்திவிட்டேன். இன்னமும் படுக்கையில் சிறுநீர் போகிறான். அதனால் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் தண்ணீர் கொடுப்பதில்லை. வலி பெரும்பாலும் விடியற்காலையில்தான் வருகிறது. பள்ளிக்கூடத்தில் நடிக்கிறான் என்கிறார்கள். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, பையன்கள் எல்லாரும் பம்புசெட்டில் குளிக்கிறார்கள், இவனும் அழுகிறான். ஆடிப்பெருக்கு வேறு வருகிறது. விடலாமா? இன்னொரு குழந்தை பெற்றுக்கொள்ளலாமா?”

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். நீங்கள் கேள்வியாகக் கேட்காத ஒரு வரியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று தோன்றுகிறது. ஐந்து மணிக்கு மேல் தண்ணீர் கொடுப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த வரியிலேயே வலி விடியற்காலையில் வருகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இந்த இரண்டு வரிக்கும் உறவு உண்டு.

உங்கள் மகனின் ரத்தச் சிவப்பணுக்கள் ஆக்சிஜனை இறக்கிவைத்த பிறகு விறைத்துக் கருக்கரிவாள் மாதிரி வளைந்துகொள்கின்றன. சிக்கிள் என்றால் அரிவாள்தான். அறுப்பு மெஷின் வந்த பிறகு இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் கருக்கரிவாளைப் பார்த்திருப்பார்களா தெரியவில்லை, உங்கள் மாமியாருக்குத் தெரியும். வளைந்த அணுக்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு சின்ன ரத்தக் குழாய்களை அடைக்கின்றன. வாய்க்காலில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டால் தலைமடைக்காரருக்கு ஒன்றும் தெரியாது, கடைமடை வயல்தான் காயும். உடம்பில் கடைமடை என்பது எலும்பின் உள்பகுதி, விரல்கள், மண்ணீரல், சிறுநீரகம். அங்கே ரத்தம் போகாமல் தவிக்கும்போது வருகிற வலிதான் அவன் துடிப்பது. வாய்க்காலில் தண்ணீர் குறையக் குறைய அடைப்பு கெட்டிப்படும் இல்லையா, உடம்பிலும் அப்படித்தான். மாலை ஐந்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரை பதின்மூன்று மணி நேரம் பையன் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் இருக்கிறான். விடியற்காலைக் குளிரும் சேர்ந்துகொள்கிறது. வலி வேறு எப்போது வரும்?

படுக்கை நனைவதும் இதே நோயின் வேலைதான். சிறுநீரகத்துக்குள் தண்ணீரை மிச்சம் பிடித்துச் சிறுநீரைக் கெட்டியாக்குகிற இடம் ஒன்று இருக்கிறது. சிக்கிள் நோயில் சின்ன வயதிலேயே அந்த இடம் அடிபட்டுவிடும். ஆகவே அவன் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் சிறுநீர் நிறைய, நீர்த்துத்தான் போகும். தண்ணீரை நிறுத்தினால் பாய் நனைவது நிற்காது, ரத்தம்தான் கெட்டிப்படும். அவனைத் திட்டியிருந்தால், யார் திட்டியிருந்தாலும், இன்றோடு விட்டுவிடுங்கள். ராத்திரி பதினொரு மணிக்கு ஒருமுறை எழுப்பி வெளியே அழைத்துப் போய்விட்டு, திரும்பி வந்ததும் அரை டம்ளர் தண்ணீர் கொடுங்கள். பாய்க்கு அடியில் ஒரு ரப்பர் ஷீட் போதும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளரக் குறையும்.

இந்த வயதில் ஒரு நாளைக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு லிட்டர் அவன் உடம்புக்குள் போக வேண்டும். சித்திரை வெயிலிலும், காய்ச்சல், வயிற்றுப்போக்கு வரும்போதும் இன்னும் கூட. எல்லாம் பச்சைத் தண்ணீராக இருக்க வேண்டும் என்றில்லை. காலையில் நீராகாரம், பகலில் மோர், இளநீர், கஞ்சி, ரசம் எல்லாமே கணக்கில் சேரும். பள்ளிக்கு ஒரு லிட்டர் பாட்டில் கொடுத்தனுப்புங்கள். சாயங்காலம் பாட்டில் நிறைந்தே திரும்பி வந்தால் அன்றைக்குக் கவனமாக இருங்கள். வகுப்பு நடக்கும்போது சிறுநீர் கழிக்கப் போனால் திட்டுவார்களோ என்று பயந்து குடிக்காமலே இருக்கிற பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். டீச்சரிடம் முதலில் பேச வேண்டியது இதைத்தான்.

சரி, கேப்சூல். மருந்துக் கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ஹைட்ராக்ஸியூரியா சில வகை ரத்தப் புற்றுநோய்களுக்கும் கொடுக்கப்படுகிற மருந்துதான். ஆனால் உங்கள் மகனுக்குக் கொடுத்ததன் காரணம் வேறு. வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு என்று ஒரு தனி ஹீமோகுளோபின் உண்டு. பிறந்த சில மாதங்களில் அது குறைந்துவிடும். அந்தச் சிசு ஹீமோகுளோபினை இந்த மருந்து மறுபடியும் கூட்டுகிறது. அது எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்கு அணுக்கள் வளைவது குறையும். அமெரிக்காவில் 1998-லேயே சிக்கிள் நோய்க்கு அனுமதி பெற்ற மருந்து. இப்போது உலகமெங்கும் குழந்தைகளுக்கும் கொடுக்கிறார்கள். முழுப் பலன் தெரிய மூன்றிலிருந்து ஆறு மாதம் ஆகும், அதனால் நடுவில் நிறுத்தினால் பட்ட பாடெல்லாம் வீண். வலி வரும்போது மட்டும் போடுகிற மாத்திரையும் இல்லை இது, தினமும் போட வேண்டும். வெள்ளையணுக்களையும் தட்டணுக்களையும் கொஞ்சம் குறைக்கும் என்பதால் முதலில் மாதாமாதம், பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்ப்பார்கள். நீங்களாகவே மறுபடியும் ஆரம்பிக்க வேண்டாம். இந்த வாரமே போய், இரண்டு மாதம் விட்டுவிட்டேன் என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். ரத்தம் பார்த்து எடைக்கு ஏற்றபடி அவர்களே ஆரம்பித்துக் கொடுப்பார்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள், பரவாயில்லை. ஒன்று மட்டும் கவனம்: இன்னொரு குழந்தைக்கு யோசிக்கிறீர்கள் என்பதால் நீங்கள் கேப்சூலைப் பிரித்துத் தூளைத் தொடக் கூடாது. முழுதாக விழுங்கச் சொல்லுங்கள். எடுத்துக் கொடுத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொள்ளுங்கள்.

இந்தக் கடிதத்தில் ஒரு பத்தியை மட்டும்தான் மனப்பாடம் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள். காய்ச்சல். இந்த நோயில் மண்ணீரல் மெல்ல மெல்லச் செயலிழந்துவிடும். ரத்தத்தில் கலக்கும் கிருமிகளை வடிகட்டுகிற உறுப்பு அது. அது இல்லாவிட்டால் காலையில் சாதாரணக் காய்ச்சலாகத் தொடங்குவது இரவுக்குள் உயிருக்கே ஆபத்தாகிவிடலாம். வீட்டில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள், கையை வைத்துப் பார்ப்பது போதாது. 101 டிகிரியைத் தொட்டுவிட்டால் அது ராத்திரி இரண்டு மணியானாலும், தீபாவளியானாலும் ஆஸ்பத்திரிதான். பாராசிட்டமால் கொடுத்துக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். வண்டி கிடைக்காவிட்டால் 108. ஐப்பசி, கார்த்திகையில் ஊரெல்லாம் டெங்குக் காய்ச்சலாக இருக்கும். இதுவும் அதுதான் என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். இருக்கலாம், ஆனால் அதை ரத்தம் எடுத்துப் பார்த்து ஆன்டிபயாடிக் ஊசி போட்ட பிறகு ஆஸ்பத்திரியில் முடிவு செய்துகொள்ளட்டும். நிமோனியாவுக்கான நியூமோகாக்கல் தடுப்பூசி, மூளைக்காய்ச்சல் தடுப்பூசி, வருடாவருடம் ஃப்ளூ ஊசி, டைபாய்டு ஊசி எல்லாம் போட்டாயிற்றா என்று அடுத்த முறை கேளுங்கள். ஒன்பது வயதாகிவிட்டது என்று விட வேண்டாம்.

டெல்டாவில் இந்த நோயை நாங்கள் அபூர்வமாகத்தான் பார்க்கிறோம். நானே படிக்கிற காலத்தில் புத்தகத்திலும் மைக்ராஸ்கோப்பில் வைக்கும் கண்ணாடிச் சில்லிலும் பார்த்ததுதான், நேரில் முதல் பிள்ளையைப் பார்க்கப் பல வருடம் ஆயிற்று. அதனால் ராத்திரி டியூட்டியில் இருக்கும் இளம் டாக்டருக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒரு வெள்ளைத் தாளில் நோயின் பெயர், ரத்த குரூப், உடம்பு நன்றாக இருக்கும்போது ஹீமோகுளோபின் எவ்வளவு, மண்ணீரல் எவ்வளவு பெரிதாக இருக்கும், என்ன மருந்து, எந்த ஊசிகள் போட்டாயிற்று, பார்க்கும் டாக்டரின் போன் எண் இவற்றை உங்கள் டாக்டரிடமே எழுதி வாங்கி, லேமினேட் செய்து பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஹீமோகுளோபின் எண் ஏன் முக்கியம் என்றால், அவனுக்கு எப்போதும் 8 அல்லது 9 என்றால் அதுதான் அவன் சமநிலை. அதைப் பார்த்துப் பதறி யாராவது உடனே ரத்தம் ஏற்றக் கூடாது. அதே 8 திடீரென்று 5 ஆகியிருந்தால் அது வேறு கதை, ஏற்றத்தான் வேண்டும்.

வலி வந்தால் என்ன செய்வது? முதலில் தெர்மாமீட்டர். காய்ச்சல் இல்லையென்றால் தண்ணீர், போர்வை, டாக்டர் எழுதிக்கொடுத்த அளவில் வலி மாத்திரை, ஒத்தடம். உங்கள் மாமியார் ராத்திரி முழுக்கத் தவிடு வறுத்து ஒத்தடம் கொடுக்கிறார் என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். அது சரியான வைத்தியம். சூட்டைத் தன் மணிக்கட்டில் வைத்துப் பார்த்துவிட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். ஐஸ் மட்டும் வைக்கவே கூடாது, அது குழாயை இன்னும் சுருக்கிவிடும். சில மணி நேரத்தில் அடங்கவில்லையென்றால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நெஞ்சு வலி, மூச்சு வாங்குதல், ஒரு பக்கம் கை கால் தொய்வு, வாய் கோணுதல், பேச்சுக் குழறுதல், இடது விலாவுக்குக் கீழே வயிறு வீங்கி முகம் வெளுத்துப்போவது இவற்றில் ஏதாவது ஒன்று தெரிந்தால் வீட்டில் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம்.

இன்னொன்றை அவன் அப்பா அவனிடம் தனியாகச் சொல்ல வேண்டும். ஆண்பிள்ளைகளுக்கு இந்த நோயில் ஆணுறுப்பு காரணமில்லாமல் விறைத்து, வலியோடு அப்படியே நிற்பது உண்டு. வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் சொல்ல மாட்டார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் அவசரம்தான். தாமதமானால் நிரந்தரப் பாதிப்பு வரும். “அப்படி ஆனால் உடனே அப்பாவிடம் சொல்லு, அது உன் தப்பு இல்லை” என்று ஒரு வார்த்தை இப்போதே சொல்லி வைத்துவிட்டால் போதும்.

இரும்புச்சத்து பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் பல வருடம் போயிருக்கிறது. தலசீமியா சேர்ந்திருப்பதால் அவன் சிவப்பணுக்கள் அளவில் சிறியவை. ரிப்போர்ட்டில் அணு சிறியது என்றால் இரும்புக் குறைவு என்றே நினைக்கப் பழகியிருக்கிறோம், டாக்டர்களும்தான். அவனுக்கு உடைகிற அணுக்களிலிருந்து வரும் இரும்பு உடம்பிலேயே தங்குகிறது. உடம்பில் சேர்ந்திருக்கும் இரும்பைக் காட்டுகிற ஃபெரிட்டின் பரிசோதனை பார்த்து உண்மையிலேயே குறைவு என்று தெரிந்தாலொழிய டானிக் வேண்டாம். பள்ளியில் வாராவாரம் கொடுக்கும் இரும்பு மாத்திரையையும் டாக்டரைக் கேட்காமல் போட வேண்டாம் என்று டீச்சரிடம் ஒரு சீட்டுக் கொடுங்கள். அவனுக்குத் தேவை ஃபோலிக் ஆசிட். முருங்கைக்கீரை, பீட்ரூட், மாதுளை எல்லாம் தாராளமாகச் சாப்பிடட்டும், சாப்பாட்டில் தடையே இல்லை. கண் மஞ்சளாக இருப்பதைப் பார்த்துக் காமாலை என்று சொல்லி, கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து, உப்பில்லாமல் எண்ணெய் இல்லாமல் பத்தியம் போடுவார்கள். அணுக்கள் உடைவதால் வரும் மஞ்சள் அது, அவனோடு கூடவே இருக்கும். பத்தியத்தால் பிள்ளை மெலிவதுதான் மிச்சம். வழக்கத்தைவிட மஞ்சள் அதிகமாகி வலது விலாவுக்குக் கீழே வலித்தால், பித்தப்பைக் கல்லா என்று ஸ்கேன் பார்க்க வேண்டும்.

இதோடு, வருடத்துக்கு ஒருமுறை தலைக்கு டாப்ளர் ஸ்கேன் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். மூளைக்குப் போகும் குழாய் சுருங்குவதை, பக்கவாதம் வருவதற்கு முன்பே அது காட்டிக்கொடுக்கும். பத்து வயதிலிருந்து விழித்திரைப் பரிசோதனையும் வேண்டும்.

இனி, “மலையிலிருந்து நீ கொண்டுவந்த சீக்கு” என்ற பேச்சு. இந்தப் பகுதியை மாமியாருக்கும் கணவருக்கும் வாசித்துக் காட்டுங்கள். உங்கள் மகனின் நோயின் பெயரிலேயே இரண்டு பாதி இருக்கிறது. சிக்கிள் என்ற பாதி உங்களிடமிருந்து வந்தது, உண்மைதான். பீட்டா தலசீமியா என்ற பாதி உங்களிடம் இல்லை. அது உங்கள் கணவரிடமிருந்து, அதாவது இந்த வீட்டிலிருந்தே வந்திருக்க வேண்டும். அவருக்கு எந்தத் தொந்தரவும் இருந்திருக்காது, கொஞ்சம் குறைந்த ஹீமோகுளோபினோடு வயல் வேலை எல்லாம் செய்துகொண்டிருப்பார். ஹெச்பிஎல்சி என்ற ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் ஏ2 என்ற வகை கூடுதலாக இருப்பது தெரிந்துவிடும். ஒரு பாதி மட்டும் வந்திருந்தால் பையனும் உங்களைப் போல, அவரைப் போல ஓடியாடிக்கொண்டிருப்பான். இரண்டும் சந்தித்துவிட்டன, அவ்வளவுதான். யாரும் கொண்டுவரவில்லை, யாரும் செய்யவும் இல்லை.

இந்தியாவில் சிக்கிள் அணுக்களை முதன்முதலில் கண்டறிந்ததே உங்கள் நீலகிரியில்தான். 1952-ல் லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் அங்குள்ள பழங்குடி மக்களிடம் கண்டு எழுதினார்கள். இந்த மரபணு அங்கே இத்தனை தலைமுறை தங்கியதற்குக் காரணம் உண்டு. ஒரு பாதி மட்டும் இருப்பவர்களை மலேரியா எளிதில் கொல்லாது. காட்டு மலேரியாவிலிருந்து உங்கள் பாட்டன் பாட்டிகளைக் காப்பாற்றிய கவசம் அது. தலசீமியாவுக்கும் அதே கதைதான். கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையில் இந்த நோயோடு வாழும் குடும்பங்களைப் பல வருடமாகப் பார்த்து வருகிறார்கள். ஊருக்குப் போகும்போது ஒருமுறை போய்வாருங்கள். அங்கே உங்கள் வீட்டுக்கதை யாருக்கும் புதிதாக இருக்காது. உங்கள் அண்ணன் தங்கைகளும் பரிசோதித்துக்கொள்வது நல்லது. 2023 ஜூலையில் தொடங்கிய தேசிய சிக்கிள் செல் ஒழிப்பு இயக்கத்தில் தமிழ்நாடும் இருக்கிறது, நாற்பது வயது வரை உள்ளவர்களைப் பரிசோதிப்பதுதான் அதன் முதல் வேலை. இங்கே உங்கள் நாத்தனார், கொழுந்தனார் யாருக்காவது கல்யாணப் பேச்சு இருந்தால் ஜாதகத்தோடு ஒரு ஹெச்பிஎல்சியும் எடுக்கச் சொல்லுங்கள்.

அடுத்த குழந்தை பெற்றுக்கொள்ளலாம். ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு இதே நோய் வர வாய்ப்பு. முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, இனி மூன்றுக்கு வராது என்று கணக்குப் போடக் கூடாது, ஒவ்வொரு முறையும் புதிதாகச் சீட்டுக் குலுக்குவதுதான். கருத்தரிக்கும் முன்பே கணவரின் பரிசோதனையும் இருவரின் மரபணுப் பரிசோதனையும் முடித்துக்கொண்டால், 11 வாரத்துக்கு மேல் நஞ்சுக்கொடித் திசுவில் துளி எடுத்து, குழந்தைக்கு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லிவிட முடியும். தெரிந்த பிறகு என்ன செய்வது என்பது நீங்கள் இருவரும் எடுக்க வேண்டிய முடிவு. அதில் மாமியாருக்கோ எனக்கோ இடமில்லை. உடன்பிறந்த குழந்தையின் எலும்பு மஜ்ஜை இவனுக்குப் பொருந்தவும் நாலில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையில் நோய் முழுதாகக் குணமாவதும் உண்டு. ஆனால் அதை மட்டும் மனதில் வைத்து ஒரு குழந்தையைப் பெற வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். யூடியூபில் புது மருந்துகள் பற்றி வருவதையெல்லாம் நம்பி அலையாதீர்கள். பெரிதாகப் பேசப்பட்ட வாக்ஸிலோட்டார் என்ற மருந்தை 2024 செப்டம்பரில் கம்பெனியே உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

பள்ளியில் நடிக்கிறான் என்பவர்களுக்கு டாக்டர் சீட்டே போதும். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் சிக்கிள் செல் நோயும் இருக்கிறது. சான்றிதழுக்கு விண்ணப்பித்து வையுங்கள், பின்னால் தேர்வுகளில் உதவும். பி.டி. பீரியடில் அவனை மரத்தடியில் உட்காரவைக்க வேண்டியதில்லை. விளையாடட்டும், மூச்சு வாங்கினால் நிறுத்தட்டும், நடுவில் தண்ணீர் குடிக்கட்டும். மைதானத்தைச் சுற்றி ஓடவிடும் தண்டனை மட்டும் கூடவே கூடாது.

பம்புசெட்டுக்கு வருகிறேன், அவன் இதற்காகத்தானே காத்துக்கொண்டிருப்பான். முழுதாகத் தடுத்தால் உங்களுக்குத் தெரியாமல் போய்க் குளித்துவிட்டு, ஈரச் சட்டையோடு காற்றில் சைக்கிளில் வருவான். இந்த நோயோடு என்னிடம் வந்த பையன்களில் சிலர் அப்படித்தான் மாட்டிக்கொண்டார்கள். கெடுதல் செய்வது தண்ணீர் இல்லை, உடம்பு திடீரென்று குளிர்வதுதான். ஆகவே நல்ல வெயில் ஏறிய பிறகு, பதினொரு மணிக்கு மேல், காற்று இல்லாத நாளில் விடுங்கள். போகும் முன் ஒரு டம்ளர் தண்ணீர். நேராகத் தொட்டிக்குள் குதிக்காமல் முதலில் கால், அப்புறம் கை, அப்புறம் தலை. பத்து நிமிடம். ஏறியதும் துண்டால் துவட்டிக் காய்ந்த சட்டை. அடைமழைக் காலத்திலும் மார்கழி விடியலிலும் கிடையாது, அப்போது வீட்டில் வெந்நீர்தான், பள்ளிக்குப் போகும்போது ஸ்வெட்டரும் காலுறையும். முதல் தடவை அவன் அப்பா கூடவே நிற்கட்டும்.

ஆடிப்பெருக்கன்று ஆற்றில் இறங்குவது வேறு. அந்த இழுப்பில் நல்ல உடம்புக்காரப் பிள்ளைகளையே நான் இறங்கவிட மாட்டேன். படித்துறையில் உட்கார்ந்து கால் நனைக்கட்டும், உங்கள் மாமியார் அவன் கையில் மஞ்சள் கயிறு கட்டட்டும். சப்பரத்தை மட்டும் மற்ற பையன்களோடு சேர்ந்து தெருக்கோடி வரை அவனே இழுத்துக்கொண்டு வரலாம். சித்ரான்னத் தூக்கோடு தண்ணீர் பாட்டிலும் ஒரு காய்ந்த சட்டையும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.